அரை லீற்றர்

மலிவானதைத்தான் முதலில் வாங்கினேன்.
திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை,
வெறும் தகரம். ஊதினால் விசிலடித்தது.
திருப்பி அனுப்பிவிட்டு
உருக்குச் சல்லடை வைத்ததை எடுத்தேன்,
தொண்ணூறு பிராங் கூட.

ஓல்ட்டன். ரயில் பாலத்தடி. மைனஸ் நாலு.
கபினை முன்னால் கவிழ்க்க
கும்பிட்டபடி நின்றது லொறி.
மூச்சுக்குழாயைக் கழற்றினேன்:
சுவரெல்லாம் கறுப்புப் பசை.
இதையா இத்தனை வருசமும்
திரும்பத் திரும்பக் குடித்தாய்?

"மறுமுனையை வெளியே தொங்கவிடு, சுகம்"
என்றான் யதுகுலன்.
சோதனையில் விழுத்துவார்கள் என்றேன்.
பின்னால் சைக்கிளில் வருகிறவளைச் சொல்லவில்லை.
காற்றுக்குழாய்க்கே திருப்பி மாட்டினேன்.

டர்போவின் சூடு படாத இடமாய்
பட்டரிப் பெட்டியருகே இரண்டு துளை.
நாலு கிளிப். ஒன்று கைதவறி
சேசிஸுக்குள் எங்கோ விழுந்தது,
இன்னும் அங்கேதான் கிலுங்குகிறது
பெர்ன் போகும் வழியெல்லாம்.

மூன்று கிழமை கழித்து அடித்திருகைத் திறந்தேன்.
ஒயிலும் தண்ணீரும் கலந்து
நுரைத்து இறங்கியது பால்தேத்தண்ணி நிறத்தில்,
அரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைய.
"சீனி போட்டதோ?" என்று
எட்டிப் பார்த்தான் யதுகுலன்.

போத்தலில் ஊற்றி
இரண்டு மொழியில் எழுதி ஒட்டினேன்:
குடிக்காதே.
ஜெர்மன் மற்றவர்களுக்கு.