ஆறு வாரம் பந்து இல்லை

மங்காஃப் கிளினிக்கில் ஷைனி
வலிக்கிற தோளைத் தொடவே இல்லை.
"கண்ணை மூடிக்கிட்டு
ஒத்தக் காலில் நில்லுங்க."

நாலு எண்ணுவதற்குள்
அவள் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.
மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் என்று
என் பந்தைப் பற்றி நானே பரப்பிய வதந்தி
அந்த மேசையோடு முடிந்தது.

இடுப்பு தூங்குது,
முதுகு கடன் வாங்குது,
வட்டி கட்டுறது தோள்
என்றாள், மலையாளம் கலந்த தமிழில்.
ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது.

வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
ஆகவே படிக்கட்டு. பதினோரு மாடி.
கைக்கொன்றாய் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்.
லிஃப்ட் ஓடுகிறதே என்று
இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார் வாட்ச்மேன் சயீது.
மூன்றாம் நாள்
நாற்காலியைப் படியோரம் இழுத்துப் போட்டு
எண்ண ஆரம்பித்தார்: வாஹித், இத்னேன்.

இரவில், கட்டில்களுக்கு நடுவே
ஒன்றரை முழ இடத்தில்
முழங்கை ஊன்றிப் பலகையாய் விறைத்துக் கிடப்பேன்.
நைட் டூட்டி கிளம்பும் மேல்கட்டில் ராவுத்தர்
என்னைத் தாண்டித்தான் செருப்பு தேடுவார்.

ஐந்தாம் வாரம், சைட்டில்
கேபிள் இழுக்கையில் ஏணியில் கால் வழுக்கியது.
விழவில்லை.
பிடித்தது யார்?
கணுக்கால், தொடை, அடிவயிறு,
எல்லாம் ஒரே குரலில் நான் நான் என்றன.
கீழே நின்ற கபீர் மட்டும்
ஹெல்மெட்டைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஏழாம் வாரம், வெள்ளிக்கிழமை.
முதல் ஓவரில் மூன்று வைடு.
மூன்றாவதற்கு
அம்பயரோடு சண்டை போட்டேன்,
கால்மணி நேரம்,
மூச்சே வாங்காமல்.