சுமை கொழுவினால்

வெறுமனே விட்டால் பாடுது,
திரையில் வழுவழுவெண்டு அலை.
சுமையைக் கொழுவின உடனே
தொண்டை அடைச்சு நிக்குது.

ஒட்டுசுட்டானில் இரவு ஒன்பதரை.
திரான்சிஸ்டர் ரெண்டு மாத்தியாச்சு,
மூண்டாவதும் விரலைச் சுட்டிட்டுது.
வாசலில், சைக்கிளை விட்டு இறங்காமல், அருந்தவராசா:
"ஆனை இண்டைக்கும் வரும், தங்கச்சி."

மீற்றர் முனையைப் பெருக்கியிலிருந்து எடுத்து
அலையாக்கியின் வாயில் வைக்கிறன்.
பன்னிரண்டு நிண்ட இடத்தில் ஏழு.
பெரியவன் ஒரு மிடறு இழுக்க
சின்னவனுக்குப் பட்டினி.
ரெண்டுபேருக்கும் ஒரே மெல்லிய வயர்,
அதுவும் நான் இழுத்தது.

வேற வயர். பக்கத்தில் ஒரு கப்பாசிற்றர்,
குடம் நிறைச்சு வைச்ச மாதிரி.
டிக். டிக். டிக்.

பெட்டியைக் கரியரில் கட்டுறார்.
என்ரை மேசையில் சுமை எண்டது ஒரு பல்ப்.
அவரின்ரை வேலியில்
மழைக்கு நனைஞ்ச கினிப்புல்
எவ்வளவு குடிக்குமோ.