கொடுங்கையூர் ஏற்றம்

ஆபீஸில் எல்லோரும் மலையேறப் போயிருந்தார்கள்.
ஏதோ நீலம், ஏதோ மஞ்சள்,
நிமிஷத்துக்கு ஒரு படம் என் போனில்.
எனக்கு லீவு கிடைக்கவில்லை.

"மலைதானே? வா" என்றாள் நவமணி.
எட்டாவது வரை ஒரே பெஞ்சு நாங்கள்.
பங்குனி ஞாயிறு, விடியவில்லை.
அவள் தம்பியின் கம்பூட் எனக்கு இரண்டு அளவு பெரிது,
உள்ளே என் கால் தனியாக நடந்து வந்தது.
எடைமேடைக்காரர் கேட்டார், "யாரு?"
"பூ பாக்க வந்துக்குது."
அவர் சிரிக்கவில்லை.
"அந்தாண்ட போ, இந்தப் பக்கம் புகையுது."

பாதை என்றால் லாரித் தடம்.
மிதித்தால் அமுங்கும்: பால் கவர், செருப்பு, தேங்காய்நார்,
மறுபடி பால் கவர்.
முதலில் எருக்கு.
எருக்கஞ்சேரிக்காரிக்கு அதை யாரும்
அறிமுகம் செய்யவேண்டாம்.
வெட்டுக்காயப் பூண்டு, ஒல்லிக் கழுத்தில் ஒற்றைப் பூவோடு
ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுபோல.
உடைந்த கமோடில் சாய்ந்து ஊமத்தை.
குப்பைமேனி, சொந்த ஊர்க்காரியின் தெனாவட்டில்.
மெத்தை ஸ்பிரிங்குக்குள் நுழைந்து
பூசணி ஐந்து பூ விட்டிருந்தது.
படமெடுக்கக் குனிந்தேன்,
ஒரு கொக்கு நகர்ந்து இடம் கொடுத்தது.

மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கியது.
துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தால்
சரிவு முழுக்கத் துலுக்கச் சாமந்தி.

பாத்தி இல்லை, வரிசை இல்லை.
மணமேடையில் கிடந்தது,
ஆயுதபூஜைக்கு ஆட்டோவின் நெற்றியில் இருந்தது,
கடை ஷட்டரில் தொங்கிக் காய்ந்தது,
எல்லாம் நூல் அவிழ்ந்து முளைத்து
ஆரஞ்சாக நின்றன,
எது யாருடையது என்று கேட்க வழியில்லாமல்.

நவமணி ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.
"உங்கப்பா சாவுக்கு மறுநாளு
உங்க தெரு எனக்குத்தான் ட்யூட்டி.
பெரிய ரோடு தாண்டியும் பூவு. நாலு கூடை."

பெண்கள் வாசலோடு நிற்கவேண்டும் என்றார்கள் அன்று.
மேளம் தெருமுனையில் திரும்பியது வரைதான் நான் கேட்டது.
பூ எதுவரை போனதென்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

உச்சியில் மணலியின் தீ தெரிந்தது,
துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன,
நடுவில் பென்சில் கோடு மாதிரி கடல்.
கீழே குப்பை சலிக்கும் இயந்திரம்
ஞாயிறு என்று சும்மா இருந்தது.
"அடுத்த பங்குனிக்கு இந்தச் சரிவு இருக்காது"
என்றபடி பிஸ்கட் பிரித்தாள்.
தின்று முடித்ததும்
காலி உறையை எங்கே போடுவதென்று
அத்தனை பெரிய குப்பையின் மேல் உட்கார்ந்து
இரண்டு பேரும் யோசித்தோம்.
நான் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விசில் கேட்டது.
வாளிகளைக் கொண்டுபோய் நீட்டினேன்,
பச்சை வேறு, நீலம் வேறு.
உறை இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது.
எந்த வாளி என்று தெரியாமல் இல்லை.