பாலம் தூக்குகிறவள்

இருபத்திரண்டு வருடமாக
நான் நிறுத்திவைத்தவர்கள்தான் இந்த சைக்கிள்காரர்கள்.
மணி அடிக்கும், சிவப்பு விளக்கு எரியும்,
பாலம் வானத்தைப் பார்க்க எழும்.
யாரோ ஒரு ஜெர்மன்காரரின் பாய்மரப் படகு
அவசரமே இல்லாமல் கடந்துபோகும்.
தூண்டில் கழியில் கட்டிய மரச்செருப்பை
நான் படகின் மேல் நீட்டுவேன்.
அவர் இரண்டு யூரோ போடுவார்.
இந்தப் பக்கம் ஒற்றைக்கால் ஊன்றி நிற்பவர்கள்
என்னை முறைப்பார்கள்.

வருகிற பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை
நானும் அவர்களில் ஒருத்தி.
ஃப்ரீஸ்லாந்தின் பதினோரு ஊர்,
இருநூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர்,
ஊருக்கொரு முத்திரை அட்டையில்.
பெயர் கொடுத்தது பிப்ரவரியில்.
பிப்ரவரி இருட்டில் மனிதர்கள்
எதற்கும் பெயர் கொடுப்பார்கள்.

கடையில் ஹில்கெ
சீட்டை மூன்று விரற்கடை உயர்த்தினான்.
"கால் எட்டலையே."
"எட்டக்கூடாது."
ஐம்பத்தோரு வயதில்
தரையைத் தொடாமல் உட்காரப் பழகினேன்.

முதல் ஞாயிறு, நாற்பது கிலோமீட்டர்.
கடலணை மேல் போகும்போது
பறக்கிறேன் என்றே நினைத்தேன்.
முதுகில் கைவைத்துத் தள்ளியது காற்று என்பது
திரும்பும்போதுதான் தெரிந்தது.
இங்கே மலை கிடையாது.
மலைக்காவது உச்சி என்று ஒன்று உண்டு.
அணைச் சரிவில் ஓர் ஆடு
புல்லை மென்றபடி கொஞ்ச தூரம் கூடவே நடந்தது,
பிறகு சலித்துப்போய்
என்னை முன்னே போகவிட்டது.

சமையல் மேசையில் பஞ்சர் ஒட்டக் கற்றேன்.
எட்டாவது தடவை பதினொரு நிமிடம்.
"சூப் ஆறிப்போச்சும்மா" என்றான் யெல்மர்.
தொடையிடுக்குக்குக் களிம்பு வாங்க
மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
"பெந்தெகொஸ்தேவுக்கா?" என்றாள் கடைக்காரி
கடை முழுக்கக் கேட்கும்படி.
பின்னால் நின்ற பாதிரியார் சிரிக்கவில்லை.
அவரும் அதற்குத்தான் வந்திருந்தார்.

நாளைக் காலை ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும்.
சர்க்கரை ரொட்டியை நறுக்கிச் சுற்றியாயிற்று.
டயரை நாலுதரம் அமுக்கிப் பார்த்தாயிற்று.
மழைச்சட்டை, எண் வில்லை,
அப்புறம் இந்தத் தூக்கம், அதைத்தான் காணோம்.

என் பாலம் வழியில்தான் இருக்கிறது,
நூற்றுத் தொண்ணூறாவது கிலோமீட்டரில்.
அங்கே நாளைக்கு என் இடத்தில் யில்டௌ.
சொல்லிவைக்கலாம்:
சாயங்காலம் படகு வந்தால் கொஞ்சம் காக்கவை,
நான் கடந்துபோகும் மட்டும்.
போனை எடுத்தேன்.
செருப்பின் கயிறு இற்றுப்போயிருக்கிறது, மாற்றிவிடு
என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

படுத்த பிறகு தோன்றியது,
படகு ஒன்று வரட்டுமே.
பெரிய படகாக, மெதுவான படகாக.
வண்டியைச் சாய்த்து, ஒற்றைக்கால் ஊன்றி,
யில்டௌவை நன்றாக முறைத்துக்கொண்டு
நாலு நிமிடம்
நான் நிற்பேன்.