மேற்குச் சுவரில் பனி

மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகையில்
பெட்டியைப் பிரித்த சுங்க அலுவலர்
ஒவ்வொன்றாய்ச் சாய்த்து வைத்துவிட்டு
"என்னம்மா, ஒண்ணுமே வரையலையே" என்றார்.
பனி என்றேன்.
மார்கழிக் காலையில் மாதவரம் ஏரிமேல் நிற்குமே,
அதுவா என்றார்.
அதுவும் பனிதான், இதுவும் பனிதான்,
நம்மிடம் இருப்பது ஒரே சொல்.
படிவத்தில் 'துணி ஏழு, வெள்ளை' என்று எழுதி
வரி போட்டார்.

வெள்ளை இல்லை.
வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
சிங்கராயர் எந்தப் படத்திலும்
வெள்ளையைத் தனியாக விட்டதில்லை.
ஒரு மரத்தடியில், நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
வேலியின் நிழல் முழுக்கச் சொட்டு நீலம்.
காசிமேட்டு வஞ்சிரத்தின் வயிறு போல ஓர் ஏரி.
தூரத்தில் போகிற பேருந்து
மஞ்சள் சாயத்தில் இரண்டே இழுப்பு.
கிட்டே போனால் எல்லாம் கலைந்து
வெறும் தூரிகைத் தடம்.
ஆறடி தள்ளி நின்றால்தான் ஊர்.
சோபா போக எங்கள் கூடத்தில் ஐந்தடி.
வாசலுக்கு வெளியே, செருப்புகள் நடுவே
நின்று பார்த்தேன்.

பின்பக்கம் பென்சிலில் அவர் கணக்கு:
"ஓவுலு. ஜனவரி 11. மைனஸ் 19.
சாயம் இறுகிவிட்டது.
நாற்பது நிமிடம். வெளிச்சம் போயிற்று."
இன்னொன்றில்:
"மூன்று விரல் தெரியவில்லை. வானம் நிற்க மாட்டேன் என்கிறது."
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற வேலை அங்கே.
வாரம் முழுக்க வெள்ளை விரிப்பு மடித்துவிட்டு
விடுமுறை நாளில் இன்னொரு வெள்ளை விரிப்பின் முன்னால்
போய் நிற்கிறவரை என்ன சொல்வது.
பதினோரு குளிர்காலம்.

எனக்குக் கீழ்ப்பாக்கத்தில் வேலை,
குடிநீர் வாரியத்தின் தொலைபேசி மேசை.
மே மாதத்தில் ஒரு நாளைக்கு இருநூறு குரல்,
எல்லாக் குரலுக்கும் ஒரே கேள்வி.
அதனால் முதலில் எனக்கு
அவற்றைப் படமாகப் பார்க்கத் தெரியவில்லை.
அந்தக் கூரைமேல் கிடப்பது ஒன்பதாயிரம் லிட்டர் லாரி, இரண்டு.
அந்த வயல், வியாசர்பாடிக்கு ஒரு வாரம்.
இவ்வளவு தண்ணீர்
குடமில்லாமல், வரிசையில்லாமல், சண்டையில்லாமல்
படுத்துக் கிடக்கிறது.
அடித்துக்கொண்டது மனசு.

ஆணி அடிக்க மேற்குச் சுவர்தான் இருந்தது.
நான்கு மணிக்கு மின்சாரம் போனது.
எதிர்வீட்டு ஃபர்ஹானா, ஆறு வயது,
ஐஸ் கட்டி கேட்டு வந்தவள்
நாற்காலியில் ஏறி
பனியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.
வெடுக்கென்று எடுத்தாள்.
"ஆன்ட்டி, சுடுது."

நானும் வைத்தேன்.
சுட்டது.
மதியத்திலிருந்து வெயில் வாங்கிய சுவர்
துணியைத் தாண்டி, சாயத்தைத் தாண்டி
பின்லாந்தின் ஜனவரிக்குள் வந்திருந்தது.
லேசாக ஆளிவிதை எண்ணெய் வாசம்.
ஆறாவது படத்தை மட்டும் கழற்றி
கட்டிலுக்கடியில் வைத்தேன்.
அதில்தான் காலடித் தடம் இருந்தது,
ஒரே ஓர் ஆளுடையது,
போனது மட்டும்.

இரவு கூப்பிட்டார்.
எந்தச் சுவர் என்றார்.
வெளிச்சம் விழுகிறதா என்றார்.
அதற்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை என்றேன்.
நிழல் நீலமாகத் தெரிகிறதா?
தெரிகிறது.
அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அந்தப் பக்கம் என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது.
இப்போதுதான் கூரையில் உருகுகிறது என்றார்.
அடியில் குடம் வையுங்கள் என்றேன்.
"இந்த வருஷம் வந்துவிடுவேன்" என்றார்.
யோசிக்காமல், வாய்ப்பழக்கத்தில்,
"பதிவு பண்ணியாச்சு சார்,
உங்க நம்பர் நாற்பத்தேழு" என்றேன்.
வெகுநேரம் சிரித்தார்.

கீழே லாரி பின்னால் வருகிற சத்தம்.
போனை வைத்துவிட்டு
இரண்டு குடத்தோடு இருட்டில் படியிறங்கினேன்.