வீட்டுக்கு அடியில்

பகலே வராத டிசம்பர், லாப்லாந்து.
ஷிப்ட் முடித்து வந்தும்
ரூனாரும் நானும் தோண்டத்தான் போகிறோம்.
வேலையிலும் திரை, ஜாய்ஸ்டிக்;
ஆயிரம் மீட்டர் கீழே ஆளில்லா வண்டி அள்ளும்.
இங்கேயாவது கையில் ஒரு குந்தாலி.

மரக் குந்தாலிக்குக் கல் மசியும்.
இரும்புத் தாதும் உடையும்,
கைக்குத்தான் ஒன்றும் வராது.
கல் குந்தாலி இரும்பைத் தரும்,
இரும்பு வைரத்தை.
நேர் கீழே தோண்டாதே,
காலடியில் தீக்குழம்பு இருக்கலாம்.
மணலும் சரளையும் தலையில் கொட்டும்;
மற்றக் கல்லுக்கு விழத் தெரியாது.
அடியை முழுக்க உருவினாலும்
மலை அந்தரத்தில் நிற்கும்.

அதைப் பார்த்து முதல் நாள்
ரூனார் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

போன வசந்தத்தில் அவன் தெரு வேலிக்குள் போனது.
தாது அந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறதாம்.
கம்பெனி நல்ல விலைதான் கொடுத்தது.
அள்ளிய வண்டிகளில் ஒன்று அவனுடையது.

மஞ்சள் கட்டைகளால்
அந்த வீட்டை இங்கே கட்டியிருக்கிறான்,
நீராவிக் குளியலறை உட்பட.

நேற்று பதினோராவது தீவட்டிக்கு அப்பால்
பாறையில் வெளிர்பழுப்புப் புள்ளிகள்.
எட்டுக் கட்டை, உள்ளே இன்னும்.
"நேர் மேலே என்ன இருக்கு?" என்றான்.
எண்களைச் சரிபார்த்தேன்.
"உன் சமையலறை."

இங்கே எதுவும் இடியாது. அவனுக்குத் தெரியும்.
இருந்தும் கல்லை ஒவ்வொன்றாக வைத்து அடைத்தான்,
தீவட்டியைப் பிடுங்கிக்கொண்டு மேலேறினான்.

நான் பின்னாலேயே போனேன்,
அவன் கேட்பதற்கு முன்பே தட்டியெடுத்துவிட்ட
ஒரு கட்டை
என் பையில்.