இருநூற்றுப் பதினாலரை

நாலு நிமிடம்கூட ஆகவில்லை.
சமர்ப்பி என்கிற பொத்தானை அழுத்திவிட்டுக்
காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.
தண்ணீர் தளதளக்குமுன் பதில் வந்துவிட்டது:
தங்கள் ஆர்வத்துக்கு நன்றி,
தற்போது தங்களைப் பரிசீலிக்க இயலவில்லை,
இம்மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம்.

தபால் பட்டுவாடாவுக்கு ஆள் தேவை என்று
ஹான்காக் அஞ்சலகக் கண்ணாடியில்
ஒட்டி வைத்திருக்கிறார்கள்.
போன மார்ச்சில் ஒட்டியது,
வெயில் பட்டு மூலை சுருண்டுவிட்டது.
நான் இருக்கிறேன்.
ஐலா கங்காஸ், ஐம்பத்தொரு வயது,
முழங்கால் இரண்டும் சொன்னபடி கேட்கும்,
பதினெட்டுக் குளிர்காலம் பள்ளிப் பேருந்து ஓட்டி
ஒரு கண்ணாடியும் உடைக்காத உரிமம்.
ஆள் தேவை என்ற காகிதத்துக்கும்
ஆளாகிய எனக்கும் நடுவே
ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
அதற்குக் கண் சொக்குவதே இல்லை.

முதல் தடவை கேள்வித்தாளில் விழுந்தேன்.
வேலையில் எரிச்சல் வந்ததுண்டா?
எப்போதாவது, என்று உள்ளதைச் சொன்னேன்.
நாற்பது பிள்ளைகளைப் பனிப்புயலில் ஏற்றிப்போனவள்
வேறென்ன சொல்வாள்?
ஓராண்டு கழித்து வா என்றது.
ஓராண்டு கழித்துப் போனேன்.
ஒருபோதும் இல்லை
ஒருபோதும் இல்லை
ஒருபோதும் இல்லை
பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாக அழுத்தினேன்.
பொய்க்கு எண்பத்தேழு மதிப்பெண்.

அப்புறமும் அதே நன்றி, அதே நாலு நிமிடம்.

தங்கை மகன் ரெய்னோ ஒரு வித்தை சொன்னான்:
விளம்பரத்தில் உள்ள சொற்களையெல்லாம்
விண்ணப்பத்தின் அடியில்
வெள்ளை எழுத்தில் ஒட்டிவிடு,
மனுசக் கண்ணுக்குத் தெரியாது,
அது மட்டும் படிக்கும்.
வெள்ளைத் தாளில் வெள்ளையாய்
நேரந்தவறாமை, குழுவுணர்வு, எடை தூக்கும் திறன்.
வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது,
அதிலும் ஏதோ எழுதியிருக்கும்போல் தோன்றியது.
இந்த முறை மறுப்பு மூன்று நிமிடத்தில்.
ஒரு நிமிடம் லாபம்.

மின்கட்டணச் சீட்டோடு டென்ஸில் மாடியேறி வந்தான்,
இருபத்தாறு வயது, மூக்கு நுனி சிவந்து.
பத்தொன்பது படி, பாதியில் கைப்பிடி கிடையாது,
தினமும் ஏறுகிறான்.
உறையின் மேல் என் விலாசம்:
214½, பிர்ச் சரிவு.
கார் நிறுத்தும் கொட்டகைக்கு மேல்
ஒற்றை அறை, அதனால் அரை.

அன்றிரவு விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன்.
அரையைக் காணோம்.
நான் எழுதிய அரையை
அந்தக் கட்டம் ஓசைப்படாமல் மென்று விழுங்கி
வெறும் 214 என்று நிறுத்தியிருந்தது.
214 கீழ்வீடு, நூர்மி குடும்பம்.
அங்கே அப்படியொரு பெண் இல்லை என்று
அது சொன்னதில் தப்பே இல்லை.

தினமும் என் படியேறி வருகிற அதே அஞ்சல் துறைக்கு
நான் குடியிருப்பது தெரியாது.

மறுநாள் டென்ஸிலிடம் கேட்டேன்.
கையுறையைக் கழற்றாமலே தலையைச் சொறிந்தான்.
"அரையெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க.
இரண்டாவது வரியில் 'பின்புறம்' என்று போடுங்க.
பின்புறம் அதோட பட்டியலில் இருக்கு."

போட்டேன்.
ஐலா கங்காஸ், 214, பின்புறம்.
தண்ணீர் வைத்தேன், கொதித்தது,
காபி குடித்து முடித்தேன்,
கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
ஒன்றும் வரவில்லை.
ராத்திரி வரை வரவில்லை, அடுத்த நாளும் இல்லை.
இவ்வளவு தாமதம் என்றால்
எங்கோ ஒரு மேசையில்
யாரோ மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார்கள்
என்றுதானே அர்த்தம்?

மூன்றாம் நாள் வந்தது.
செவ்வாய்க்கிழமை மார்க்கெட் நகரில் கைரேகைப் பதிவு,
பத்து விரலும்.

விளக்கடியில் நீட்டிப் பார்க்கிறேன்.
இந்தக் குளிரில் நுனியெல்லாம் வெடித்து
ரேகைக்கு நடுவே குறுக்குச் சந்துகள்.
அங்கேயும் ஓர் இயந்திரம்தானாம்.
வாசலின் தடவி,
சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு
படுத்திருக்கிறேன்.
இன்னும் நாலு ராத்திரி.